சிறகடிப்பு

கிளறாவின் முறை வந்தபோது அவள் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். குளிர்ந்த கையை நோயாளியின் வயிற்றில் வைத்தால் தசை இறுகிவிடும், உள்ளே இருப்பது எதுவும் அகப்படாது. பேராசிரியர் முதல் வகுப்பிலேயே சொல்லித் தந்தது. அவளுக்கு முன் தொட்ட பையன்கள் இருவரும் அதை மறந்து, குளிர்ந்த விரல்களால் குத்தியெடுத்துவிட்டு நகர்ந்திருந்தார்கள். நோயாளி முகம் சுளிக்கவில்லை. தன் வயிறு ஊர்ப் பொதுச்சொத்து என்பதுபோல் சட்டையை நெஞ்சுவரை சுருட்டிவிட்டுக் கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

“மூச்சை நன்றாக இழுங்கள்,” என்றாள் கிளறா இத்தாலியனில்.

இழுத்தார். வலது விலாவுக்குக் கீழே வைத்திருந்த அவள் விரல்நுனிகளில் ஈரல் இறங்கி வந்து முட்டியது.

“என்ன தெரிகிறது?” என்றார் பேராசிரியர்.

“விளிம்பு கடினமாக இருக்கிறது. மேடும் பள்ளமுமாக. வலி இல்லை.”

“வலி இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? கேட்டீர்களா?”

கேட்கவில்லை. கிளறா நோயாளியின் முகத்தைப் பார்த்தாள். “வலிக்கிறதா, சிஞ்ஞோர் அருளையா?”

“இல்லை, தொத்தொரெஸ்ஸா. உங்களுடைய கை நல்ல சூடு.”

மாணவர்கள் சிரித்தார்கள். மூன்றாம் வருடப் பிள்ளைகளை டாக்டரம்மா என்று அந்த வாட்டில் வேறு யாரும் அழைப்பதில்லை. பேராசிரியரும் சிரித்து, “இப்படி ஒரு நோயாளி கிடைத்தது உங்கள் அதிர்ஷ்டம்,” என்றார். கிளறா சட்டையை இழுத்து வயிற்றை மூடிவிட்டாள். அந்த வயிற்றுக்குச் சொந்தக்காரர் அவளுடைய அப்பா பேனாட்.

அது அங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரிய வழியும் இல்லை. இத்தாலியக் காகிதங்கள் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டதில், அருளையாவின் மகன் பேனாட் சிஞ்ஞோர் அருளையா ஆகிவிட்டார். பேனாட்டின் மகள் கிளறா சிஞ்ஞோரீனா பேனாட் ஆகிவிட்டாள். ஒரேத்தோத் தெருவில் ஒரே வீட்டில் ஒரே சட்டியில் சாப்பிடும் தகப்பனும் மகளும் பலெர்மோ நகரத்துக்கு இரண்டு வெவ்வேறு குடும்பம். மன்னாரிலிருந்து வந்த காலத்தில் இதைச் சொல்லி வீட்டில் சிரிப்பார்கள். இந்த ஒக்தோபரில்தான் அது உதவிக்கு வந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முதல் நாள் பேனாட் குசினி மேசையில் இருந்துகொண்டு சொன்னார்: “உன்ரை வாட்டுக்குத்தான் என்னைப் போடப்போகினமாம். அங்கை என்னைத் தெரியாத மாதிரி இரு.”

“ஏனப்பா?”

“தகப்பனை வைச்சு மகளைப் படிக்க விடாயினம். உன்னை வெளியிலை நிப்பாட்டிப்போடுவினம். ஒரு வருசம் பாழாப் போகும்.”

“அப்பிடி ஒரு சட்டமும் இல்லையப்பா.”

“உனக்கென்ன தெரியும் சட்டம்? குவெஸ்தூராப் பொலிஸ் வாசல்லை பேர்மெஸ்ஸோ விசாவுக்கு நிண்டவன் நான். கேக்காத கேள்விக்குப் பதில் சொல்லக்கூடாது.”

அம்மா றோசமலர் அடுப்படியிலிருந்து திரும்பாமலே, “விடு பிள்ளை. அந்தாளுக்கு நடிக்கிறதெண்டா பச்சைத் தண்ணியும் வேண்டாம்,” என்றாள். ஊரில் திருவிழாக் கூத்தில் ஏரோது ராசாவின் சேவகனாக ஈட்டி பிடித்து நின்றவர் அவர். ஒரு வசனமும் இல்லாத வேஷம். ஆனாலும் அதைப் பற்றி ராசா வேஷம் கட்டியவனைவிட அதிகம் கதைத்தவர்.

ஆஸ்பத்திரியில் பேனாட் நடித்தது அவருடைய வாழ்க்கையிலேயே சிறந்த நடிப்பு. ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையின் குசினியில் கணவாயும் மட்டியும் கழுவிய மனிதர், கழுத்துவரை போர்வையை இழுத்துக்கொண்டு, மகளை இத்தாலியனின் ‘நீங்கள்’ ஆன ‘லேய்’ போட்டு மரியாதையாக விளித்தார். பெயர் கேட்டார். எந்த ஊர் என்று கேட்டார். மாணவர் கூட்டம் அடுத்த கட்டிலுக்குத் திரும்பும் நேரம் பார்த்து, அவளுக்கு மட்டும் தெரியும்படி, இடது கண்ணைச் சிமிட்டுவார். அந்தச் சிமிட்டலுக்காகவே கிளறா காலையில் வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டாள்.

அந்தப் பருவத்துப் பாடம் நோய்க்குறிகளைப் படிப்பது. கண்ணால், காதால், விரலால், மூக்கால். ஒரு நாள் பேராசிரியர் எல்லாரையும் அப்பாவின் வாயருகே குனிந்து முகரச் சொன்னார். இனித்து அழுகின பழவாசம். ஈரல் தோற்றுப்போனவர்களின் மூச்சு அப்படித்தான் இருக்கும் என்றார். கிளறாவுக்கு முகரத் தேவையிருக்கவில்லை. கோடைகாலம் முழுவதும் வீட்டுத் தலையணையில் அந்த வாசம் இருந்தது. அம்மா கட்டிலுக்குக் கீழே விளக்குமாறு விட்டு, உருண்டு போன பழம் ஏதும் கிடக்கிறதா என்று தேடிக்கொண்டே இருந்தாள்.

இன்னொரு நாள் கைகளை நீட்டச் சொன்னார். “பஸ்ஸை மறிப்பதுபோல. இரண்டு கைகளையும்.” அப்பா நீட்டி, மணிக்கட்டை மேலே மடக்கினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இரண்டு கைகளும் சட்டென விழுந்து எழும்பின. திரும்ப விழுந்து எழும்பின.

“சிறகடிப்பு,” என்றார் பேராசிரியர். “நன்றாகப் பாருங்கள். ஈரல் கழுவாத இரத்தம் தலைக்கு ஏறுகிறது. மூளை ஒரு கணம் கையைக் கைவிடுகிறது, மறுகணம் பிடித்துக்கொள்கிறது. இந்தக் கைகளை அவர் அசைக்கவில்லை. யாருமே அசைக்கவில்லை.”

யாருமே அசைக்காத கைகளை எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்பாவும் பார்த்தார், வேறு யாருடையவோ கைகளைப் பார்ப்பதுபோல. அன்று அவர் கண் சிமிட்டவில்லை. அதற்குப் பிறகும் சிமிட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரத்தில் கிளறா அம்மாவோடு சாதாரண உடுப்பில் போனாள். அப்பா எழுந்து இருக்க முயன்று, “புவோனசேரா, தொத்தொரெஸ்ஸா,” என்றார்.

அம்மா சிரித்தாள். “நாடகம் காணும், இஞ்சாருங்கோ. பிள்ளை வெள்ளைக் கோட்டைக் கழட்டிப்போட்டாள். நீங்களும் வேசத்தைக் கழட்டுங்கோ.”

அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக் கிட்ட இழுத்து, குரலைத் தாழ்த்தினார். “மெல்லக் கதை. இவ எங்கடை நாட்டு டொக்டர். கெட்டிக்காரி. என்ரை வயித்தை நோகாமல் பாக்கிறது இவ ஒராள்தான். ஆரின்ரை பிள்ளையோ தெரியேல்லை.”

அம்மாவின் சிரிப்பு முகத்திலேயே தங்கிப் போய்விட்டது. கிளறா குனிந்து, “அப்பா, இப்ப இஞ்சை ஒருத்தரும் இல்லை,” என்றாள். அவர் பணிவாகத் தலையாட்டினார். பக்கத்துக் கட்டிலில் இருந்த கயித்தானோ, ஸ்ஃபெர்ராகவால்லோ மீன்பிடிக்காரர், ரேடியோவைக் குறைத்துவிட்டு அவர்களையே பார்த்தார். இரண்டு பெண்களும் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் சாவியைத் தேடும்போது அம்மா, “அந்தாள் நடிக்கிறார், என்ன?” என்றாள். கிளறா, “ஓம்,” என்றாள்.

அவளுக்குத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. படித்த படிப்பு எல்லாம், அவர் மறந்துவிட்டார் என்றது. பெற்ற மகளுக்கு அது பொறுக்கவில்லை. ஒரேயொரு தடவை அந்த இடது கண் சிமிட்டிவிட்டால் போதும் என்று ஒவ்வொரு காலையும் நேர்த்தி வைத்துக்கொண்டு வந்தாள். இன்று காலை வயிற்றைத் தொட்டபோதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கை நல்ல சூடு என்று மட்டும் சொன்னார்.

வெளியே ஆபிரிக்காப் பக்கமிருந்து வெக்கைக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் சட்டங்கள் தடதடத்தன. கூட்டம் மற்றக் கட்டில்களையும் பார்த்துமுடித்துக் கதவுக்கு வந்தது. கடைசியாக வந்தவள் கிளறா. அவளோடு ஒட்டிக்கொண்டு எப்போதும் நடக்கும் மனுவேலா, மொன்ரியாலேக்காரி, தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்து, “ஓ, பார்,” என்றாள்.

கிளறா திரும்பினாள். அப்பாவின் வலது கை படுக்கையிலிருந்து எழும்பியிருந்தது. உள்ளங்கை கீழே பார்க்க, விரல்கள் சேர்ந்து விழுந்து எழும்பின. விழுந்து எழும்பின.

“சிறகடிப்பு,” என்றாள் மனுவேலா மெதுவாக. “போன வாரத்தைவிட மோசமாகியிருக்கிறது.”

கிளறா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கண்கள் அவளில்தான் இருந்தன. ஆனால் கதவில் இருந்தன என்றும் சொல்லலாம். முகத்தில் டாக்டர்களுக்கு என்று அவர் வைத்திருக்கும் அந்த மரியாதைச் சிரிப்பு. நடைகூடத்தில் பேராசிரியர் யாரையோ பெயர் சொல்லிக் கேட்டார்.

“ம்,” என்றாள் கிளறா. இருவரும் வகுப்புக்குப் போனார்கள்.

விரிவுரை முடிந்து மதியம் அவள் தனியாகத் திரும்பி வந்தபோது, அப்பாவின் கட்டிலைச் சுற்றி வெள்ளைத் திரை நின்றது. தாதி அவளைக் கண்டதும் நிம்மதிப்பட்டவளாக வந்தாள்.

“நல்லகாலம் வந்தீர்கள். அருளையா போய்விட்டார், பாவம். வாயால் இரத்தம் எடுத்தார், ஒன்றும் செய்ய முடியவில்லை. உங்கள் நாட்டவர்தானே? குடும்பத்துக்கு யாராவது அவர்களுடைய பாஷையில் சொன்னால் நல்லது.”

“சொல்கிறேன்,” என்றாள் கிளறா.

தன் குரல் அவ்வளவு ஒழுங்காக வந்தது அவளுக்கே பயமாக இருந்தது. தாதி தொலைபேசியை அவள் பக்கம் தள்ளி வைத்தாள். லிபெர்த்தாத் தெருவில் அம்மா வேலை செய்யும் வீட்டு எண்ணைக் கிளறா சுழற்றினாள். சிஞ்ஞோரா எடுத்தாள், பிறகு அம்மா வந்தாள்.

“அம்மா, வாங்கோ.”

“என்ன பிள்ளை?”

“வாங்கோ அம்மா.”

மறுபக்கத்தில் ஈரக்கையை ஏப்ரனில் துடைக்கும் சத்தம் கேட்டது.

கிளறா திரைக்குள் போனாள். முகத்தைத் துடைத்துவிட்டிருந்தார்கள். இடது கண் முழுதாக மூடவில்லை. பழவாசம் மட்டும் இன்னும் அங்கே நின்றது, மூச்சு இல்லாமலே. அவள் தன்னையறியாமல் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, அவருடைய நெற்றியில் வைத்தாள்.

“தொத்தொரெஸ்ஸா,” என்று திரைக்கு அப்பால் குரல் கேட்டது. கயித்தானோ. அவள் வெளியே வந்தாள். கிழவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

“எனக்கு இது முன்னமே தெரியும். அவர் நாலைந்து நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். என் அம்மாவும் சாகிறபோது இப்படித்தான். இறந்தோர் திருநாள் வருகிறது அல்லவா, செத்தவர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். சாகப்போகிறவர்களுக்குத்தான் தெரியும்.”

“எப்படிக் கூப்பிட்டார்?”

கயித்தானோ வலது கையைத் தூக்கி, உள்ளங்கையைக் கவிழ்த்து, விரல்களை அசைத்துக் காட்டினார். “கதவைப் பார்த்து. இன்றைக்குக் காலையிலும். கதவு சாத்தின பிறகும் கையை இறக்கவில்லை. எனக்கு மயிர் சிலிர்த்துவிட்டது, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன்.”

“கதவில் யார் நின்றார்கள்?”

“ஒருவரும் இல்லை, தொத்தொரெஸ்ஸா. நீங்கள் டாக்டர்கள் மட்டும்தான்.”

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சிறகடிப்பு என்றால் இரண்டு கைகளிலும் வரும். கைகளை நீட்டிப் பிடித்தால்தான் வரும். அவர் காலையில் எதையும் நீட்டிப் பிடிக்கவில்லை. இடது கை போர்வைக்கு மேல் சும்மா கிடந்தது. ஒரு கையிலும் வரலாம், அபூர்வமாக, என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரியை அவள் மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நடைகூடத்தில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது.

“ஐயோ என்ரை பிள்ளை! அப்பா எங்களை விட்டிட்டுப் போட்டாரோ!”

றோசமலர் வந்த வேகத்தில் மகளின் மேல் விழுந்தாள். வெள்ளைக் கோட்டின் தோள் நனைந்தது. தாதி ஓடிவந்து, கோட்டில் குத்தியிருந்த பெயரையும் கட்டில் தலைமாட்டில் இருந்த பெயரையும் மாறிமாறிப் பார்த்தாள். “உங்களுடைய... அப்பாவா?” என்றாள். கிளறா தலையாட்டினாள். தாதி வாயைப் பொத்திக்கொண்டாள். கயித்தானோ மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மா அழுது ஓய்ந்து, அப்பாவின் தலைமயிரை ஒதுக்கிவிட்டபடி கேட்டாள்: “நீ காலமை இஞ்சைதானே நிண்டனி. உன்னை ஆரெண்டு மட்டுக்கட்டினவரே? கடைசியா உன்னைக் கூப்பிட்டவரே?”

“நித்திரையிலை போட்டார் அம்மா,” என்றாள் கிளறா.

“அண்டைக்கு அப்பிடிச் சொன்னதுதான் மனசை அரிக்குது. ஆரின்ரை பிள்ளையோ எண்டு...” அம்மா முடிக்கவில்லை. “உன்னைத் தெரியாமலே போட்டாரோ பிள்ளை?”

கிளறாவுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மாவின் கையைப் பிடித்து, நாற்காலியில் இருத்திவிட்டு, கோட்டின் பொத்தான்களை மேலிருந்து கீழாகக் கழற்றினாள்.

பின்னேரம் பிணவறையில் அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டார்கள். அம்மா இரண்டு கைகளையும் நெஞ்சில் கோத்துச் செபமாலையைச் சுற்றினாள். இடது கை வைத்தபடியே இருந்தது. வலது கை மெல்ல வழுக்கி இறங்கி, உள்ளங்கை கவிழ, பக்கத்தில் போய்க் கிடந்தது. அம்மா மறுபடி எடுத்து வைத்தாள். மறுபடி இறங்கிற்று. அங்கே காற்று இல்லை. ஜன்னலும் இல்லை.

“இதுக்கு என்ன பிள்ளை செய்யிறது?” அம்மா அவளைப் பார்த்தாள். “நீ படிச்சனிதானே?”

பிணவறைக்காரர் வந்து பார்த்தார். சில பேருக்கு இப்படித்தான், அசைகிற கடைசி உறுப்பு அடங்க நேரம் பிடிக்கும் என்றார் சர்வசாதாரணமாக. கட்டுத்துணியால் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டி, துணி தெரியாமல் செபமாலையை மேலே இழுத்துவிட்டார். அவர் சொன்னது எந்தப் பாடத்திலும் இல்லை என்று கிளறாவுக்குத் தெரியும். அவள் அந்தக் கட்டுத்துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவைக் கட்டிப்போட்டதுபோல் இருந்தது. அவிழ்த்துவிடச் சொல்ல வாய் எழும்பவில்லை.

அடக்கப் பூசை இறந்தோர் திருநாளுக்கு முந்தின நாளுக்கு முந்தின நாள். வழியெல்லாம் கடை ஜன்னல்களில் சீனிப் பொம்மைகளும் மர்சிப்பான் பழங்களும் அடுக்கியிருந்தன. ஒரு கதவு திறந்து அந்த இனிப்பு வாசம் தெருவுக்கு வந்தபோது அம்மா நின்று, சுற்றிப் பார்த்துவிட்டு நடந்தாள்.

கோயிலில் தமிழ்ச் சனம் நிறைந்திருந்தது. வேலை வீடுகளில் அரை நாள் கேட்டு வந்த பெண்கள், மீன் கடைக் குசினித் தோழர்கள். அந்தாள் குடிக்கிறவர்தானே என்று இரண்டு பேர் தூணோரம் குசுகுசுத்தார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனிதரைப் பற்றி. கிளறாவுக்கு அவர்களை அறைய வேண்டும்போல் வந்தது. அந்த நேரம் பார்த்துக் கதவருகே மனுவேலாவும் வகுப்புப் பிள்ளைகளும் செவ்வந்திப் பூக்களோடு தயங்கி நிற்பதைக் கண்டு, பின்னால் போய் அவர்களோடு நின்றுகொண்டாள்.

“நேற்றுத்தான் கேள்விப்பட்டோம்,” என்றாள் மனுவேலா. அழுது கண் வீங்கியிருந்தது. “நாங்கள் எல்லாரும் உன் அப்பாவின் வயிற்றை... நீ ஏன் சொல்லவில்லை?”

“அவர்தான் வேண்டாம் என்றார். நான் படிக்க வேண்டும் என்று.”

பூசை தொடங்கும் மணி அடித்தது. முன்வரிசையில், பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த அம்மா திரும்பி, கூட்டத்தில் தேடினாள். கதவடியில் மகளைக் கண்டுகொண்டாள். வலது கையைத் தூக்கினாள். உள்ளங்கை கீழே பார்க்க, விரல்கள் சேர்ந்து விழுந்து எழும்பின. விழுந்து எழும்பின.

“போ,” என்று மனுவேலா கிளறாவின் முழங்கையை மெல்லத் தள்ளினாள். “அம்மா உன்னைக் கூப்பிடுகிறார்.”

சொன்னவளின் வாய் மூடவில்லை. அவள் முன்வரிசையில் அசையும் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு கிளறாவைப் பார்த்தாள். கையிலிருந்த பூக்கட்டின் தாள் சரசரத்தது.

“கிளறா, அன்றைக்குக் காலையில்...”

“ஓம்,” என்றாள் கிளறா தமிழில்.

அவள் நடந்தாள். வாங்குகளுக்கு இடையில் வழி குறுகலாக இருந்தது. சனம் கால்களை ஒதுக்கி வழிவிட்டது. திறந்திருந்த பெட்டியைத் தாண்டும்போது கட்டுத்துணியின் ஒரு நூல் செபமாலைக்கு வெளியே தெரிந்தது. அதை உள்ளே தள்ளிவிட்டாள்.

அவள் வந்து பக்கத்தில் இருக்கும்வரைக்கும் அம்மா கையை இறக்கவில்லை.